சீமைக்கருவேலத்தை வெட்டச் சொல்வது எப்படி: நோட்டீஸா, வாட்ஸப்பா, கண்மாய்க்கரையா?

சீமைக்கருவேலத்தை ஒழிப்பதில் தமிழ்நாட்டில் இரண்டாவது கருத்தே கிடையாது என்று நினைப்பவர்கள், ராமநாதபுரம் மாவட்டத்தில் ஏதாவது ஒரு டீக்கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஒருவருக்கு அது தண்ணீர் குடிக்கும் பிசாசு. அவர் பக்கத்தில் டீ ஆற்றிக்கொண்டிருப்பவருக்கு, மழை பொய்த்த வருடமெல்லாம் வீட்டில் உலை வைக்க வழி செய்த மரம். அதை மூட்டம் போட்டு அடுப்புக்கரியாக்கும் கரிமூட்டக்காரருக்குப் பிழைப்பு. ஆடு வைத்திருப்பவருக்குக் கோடையில் நெற்று. இந்த நான்கு பேருக்கும் அரசு ஒரே விஷயத்தைச் சொல்லியாக வேண்டும்.

சொல்ல வேண்டிய விஷயமும் லேசானதல்ல. 1870களில் ஆங்கிலேய அரசின் வனத்துறை, வறண்ட நிலத்தில் விறகுக்கு ஆகும் என்று கொண்டுவந்த மரம் இது. 2022-இல் தமிழ்நாடு அரசு அந்நிய ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென்று ஒரு கொள்கையை வெளியிட்டது. அதில் இரண்டு பாதிகள் உண்டு: அகற்றுவது, அகற்றிய இடத்தில் நம் மண்ணின் தாவரங்களை மீட்டெடுப்பது. அதே ஆண்டு செப்டம்பரில் பசுமைத் தமிழ்நாடு இயக்கமும் தொடங்கியது. வனம் மற்றும் மரப்பரப்பை 33 சதவீதமாக உயர்த்துவது அதன் இலக்கு. ஆக, வெட்டு என்பதும் நடு என்பதும் ஒரே வருடத்தில், ஒரே அரசிடமிருந்து. இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் கணக்கோ இன்னொரு முடிச்சு. ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட இடத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் மரக்கவிகை (மேலிருந்து பார்த்தால் மரத்தின் இலைதழை மூடியிருக்கும் பரப்பு) இருந்தால் அது வனப்பரப்பு. என்ன மரம், யார் நிலம் என்று அந்தக் கணக்கு பார்ப்பதில்லை. அடர்ந்த சீமைக்கருவேலங்காடும் அதில் சேர்ந்துவிடும், அதை வெட்டினால் கணக்கில் வனம் குறையும். இதை யாருக்கு எப்படி விளக்குவது?

இதுவரை கையாண்ட வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

நோட்டீஸ்தான் மூத்தது. 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தென் மாவட்டங்களில் இந்த மரத்தை அகற்ற உத்தரவிட்டபோது, கிராமங்களுக்கு வந்து சேர்ந்த முதல் காகிதம் அதுதான். (அந்த உத்தரவுக்குச் சில மாதங்களிலேயே இடைக்காலத் தடையும் வந்தது, அந்தச் செய்தி எத்தனை ஊருக்குப் போனதோ!) அப்போது ஒரு டீக்கடைச் சுவரில் ஒட்டியிருந்ததை நின்று படித்தேன். ‘பார்வையில் காணும் ஆணையின்படி, தங்களது பட்டா நிலத்தில் உள்ள மேற்படி மரங்களை வேரோடு அகற்றி, அதன் விபரத்தினை இவ்வலுவலகத்திற்குத் தெரிவிக்குமாறு...’ என்ற ரீதியில் போனது. அருகில் நின்ற பெரியவர் கேட்டார்: “மேற்படி மரம்னா எது தம்பி?” தலைப்பில் ‘கருவேல மரங்கள்’ என்று மட்டும் இருந்தது. ‘சீமை’ விட்டுப்போயிருந்தது.

இது சின்னப் பிழை மாதிரித் தெரியும். ஆனால் நாட்டுக்கருவேலம் வேறு மரம். கண்மாய்களுக்குள் சமூகக் காடுகள் திட்டத்தில் வனத்துறையே நட்டு வளர்த்த மரம் அது. மஞ்சள் பந்து மாதிரிப் பூக்கும், மாலை கோத்தது போல் காய்க்கும், முள் வெள்ளையாக நீண்டிருக்கும். சீமையில் பூ பந்தாக இருக்காது, கதிராகத் தொங்கும். காய் பீன்ஸ் போல நீண்டு மஞ்சளாகப் பழுக்கும். ஒரு சொல் விட்டுப்போனால் எந்த மரத்தில் அரிவாள் விழும் என்று சொல்ல முடியாது. போதாக்குறைக்கு ஊருக்கு ஊர் பெயரும் மாறுகிறது: ஒரு பக்கம் வேலிக்கருவை, ஒரு பக்கம் வேலிகாத்தான், தூத்துக்குடி வட்டாரத்தில் சீமை உடை. சென்னையில் அச்சடித்த ஒரே வாசகம் இத்தனை ஊருக்கும் பொருந்தாது.

நோட்டீஸுக்கு உள்ள ஒரே பலம், அது ஆதாரம். பின்னால் வழக்கு என்று வந்தால் தேதியும் கையெழுத்தும் இருக்கும்.

அடுத்தது வாட்ஸப் ஃபார்வர்டு. வேகத்தில் இதற்கு ஈடு கிடையாது. ‘விஷ மரம்’ என்ற இரண்டே சொல்லில் மாநிலம் முழுக்கப் பரவியது. ஆக்சிஜனே விடாது, கரியமில வாயுவைத்தான் கக்கும் என்றார்கள். நிழலில் கட்டிய மாடு சினை பிடிக்காது என்றார்கள். பச்சை இலை உள்ள எந்த மரமும் பகலில் ஆக்சிஜன் விடத்தான் செய்யும் என்று பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. யாரும் அதை எடுத்துப் பார்க்கவில்லை. பொய் கலந்தாலும் வேலை நடந்ததே என்று சிலர் கேட்பார்கள். நடந்தது உண்மை: இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக அரிவாளோடு போனார்கள், படம் எடுத்தார்கள். தரையோடு தரையாக அறுத்துவிட்டுத் திரும்பினார்கள். அடுத்த மழைக்குத் தூரெல்லாம் தழைத்துவிட்டது. ‘விஷம்’ என்ற சொல் கோபத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. வேரோடு எடு, குழியை மூடு, அந்த இடத்தில் வேறொன்றை நடு என்ற பாதி அதில் ஏறவே இல்லை.

இன்னொரு கெடுதலும் உண்டு. கரிமூட்டக்காரர் காதில் ‘விஷ மரம்’ விழுந்ததுமே, பேசுகிற ஆள் வெளியூர் என்று முடிவு செய்துவிடுகிறார். அதற்கப்புறம் நாம் எவ்வளவு சரியாகப் பேசினாலும் அவர் கேட்பது மரியாதைக்குத்தான்.

ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அறிவிப்பது பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. கூட்டம் எத்தனை மணிக்கு என்று சொல்ல உதவும், கொள்கையைச் சொல்ல உதவாது. 2022-இல் பறையடித்து அறிவிக்கும் தண்டோராவை நிறுத்தச் சொல்லித் தலைமைச் செயலாளர் எழுதியது சரியான வேலை. அந்தப் பறையை ஊர் யார் தோளில் மாட்டியது என்பது தெரியாததல்ல.

கிராம சபை இப்போது வருடத்துக்கு ஆறு முறை. காகிதத்தில் பார்த்தால் இதுதான் சிறந்த இடம்: திருப்பிக் கேள்வி கேட்கலாம், தீர்மானம் போடலாம். நடப்பில் பொருள் பட்டியல் நீளமாக இருக்கும், மே 1 என்றால் பந்தலுக்குள் அனல் வீசும், மர விஷயம் வருவதற்குள் பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள். இருந்தாலும் நோட்டீஸிலும் ஃபார்வர்டிலும் வராத ஒரு கேள்வி இங்கே கட்டாயம் வரும். “கண்மாய் மரத்தை ஏலம் விட்டா பணம் யாருக்கு?” ஊரணி யாருடையது, பெரிய கண்மாய் எந்தத் துறையுடையது, மரத்துக்கு விலை மதிப்பது யார் என்று அவிழ்த்துச் சொல்லாமல் இந்தக் கொள்கை ஓர் அடி நகராது. சூழலியல் பேசுகிறவர்கள் பணக் கேள்வியை மட்டமாக நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், அந்தக் கேள்வி வந்தால்தான் கூட்டம் உண்மையிலேயே காது கொடுத்துக் கேட்டிருக்கிறது என்று அர்த்தம்.

கடைசியாகக் கண்மாய்க்கரை. ஆனி மாதம், உள்ளே பொட்டுத் தண்ணீர் இல்லை, இருபது பேர் இருப்போம். எங்களைக் கூட்டி வந்தவர் ஒன்றும் பேசாமல், முன்பு அறுத்துவிட்டுப் போன ஒரு தூரின் மேல் காலை வைத்தார். அதைச் சுற்றி எட்டுக் கிளை, ஒவ்வொன்றும் ஆள் உயரம். ‘வேரோடு’ என்று நோட்டீஸில் புதைந்து கிடந்த சொல்லுக்கு அர்த்தம் அங்கே எல்லோருக்கும் விளங்கியது. பிறகு காய்ந்த மாட்டுச்சாணி ஒன்றை எடுத்து உடைத்தார். உள்ளே விதைகள், இரண்டு முளை விட்டிருந்தன. “நெற்றைத் தின்னது நம்ம மாடு, விதைச்சதும் நம்ம மாடுதான்” என்று ஒரு மாட்டுக்காரரே சொல்லிச் சிரித்தார். பக்கத்திலேயே நாட்டுக்கருவேலம் ஒன்று நின்றது. இரண்டு மரத்துப் பூவையும் பறித்து உள்ளங்கையில் வைத்துக் காட்டியதோடு அந்தக் குழப்பமும் தீர்ந்தது.

ஆனால் இருபது பேர்தான். ஒரு மாவட்டத்தில் உள்ள கண்மாய்களை எண்ணினால் இந்த வழி எவ்வளவு மெதுவானது என்று புரியும். ஆகவே என் தேர்வு இப்படி: முதலில் கண்மாய்க்கரை, அதில் எழும் கேள்விகளோடு கிராம சபை, சபையில் முடிவானதை அந்த ஊர் மரப்பெயரிலேயே எழுதிய ஒரு பக்க நோட்டீஸ், அந்தத் தூரையும் சாணியையும் காட்டி உள்ளூர்க்காரர் ஒருவர் பேசும் ஒரு நிமிட வீடியோ வாட்ஸப்புக்கு. இப்போது நடப்பது இதற்கு நேர் தலைகீழ்: நோட்டீஸ் முதலில் வருகிறது, கண்மாய்க்கு யாரும் வருவதில்லை.

அன்று கரையில் இன்னொன்றும் நடந்தது. கரிமூட்டம் போடும் ஒருவர் கடைசி வரை பேசாமல் நின்றவர், எல்லோரும் கிளம்பும்போது கேட்டார்: “வேரோட எடுத்து முடிச்சிட்டீங்கன்னா, நாலு வருஷம் கழிச்சு நான் எதைப் போட்டு மூட்டுறது?” கூட்டி வந்தவர் கையிலிருந்த கையேட்டைப் புரட்டினார். முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை. அப்புறம், “கேட்டுச் சொல்றேண்ணே” என்றார்.