அக்ராகிளாஸ் ஜெல்: வேட்டை ரைஃபிளின் கட்டைக்குள் ஒரு வார்ப்பு

வேட்டை ரைஃபிளின் துல்லியத்தைப் பற்றிப் பேசும்போது குழலுக்கும் தோட்டாவுக்கும் ஸ்கோப்புக்கும் கிடைக்கும் கவனம், அவற்றையெல்லாம் தாங்கும் மரக்கட்டைக்குக் கிடைப்பதில்லை. போல்ட் இயங்கும் உலோகப் பகுதியான ஆக்‌ஷன், கட்டையில் குடைந்த பள்ளத்தில் அமர்ந்து திருகாணிகளால் இறுக்கப்படுகிறது. அந்தப் பள்ளம் சமமாக இல்லாவிட்டால் முறுக்கும்போதே ஆக்‌ஷன் நுண்ணிய அளவில் வளைந்துவிடும். சுடும்போது பின்னுதைப்பில் நகர்வது பழைய இடத்திலேயே வந்து அமரும் என்றும் சொல்ல முடியாது. உலோகத்துக்கும் மரத்துக்கும் இடையிலுள்ள இடைவெளியை, இரு பொருள்களைக் கலந்தால் இறுகும் பிசினான எபாக்சியால் நிரப்பி, உலோகத்தின் அச்சாகவே ஒரு படுகையை வார்ப்பதுதான் பெடிங். பிரவுனெல்ஸ் நிறுவனத்தின் அக்ராகிளாஸ் ஜெல்லை, வால்நட் கட்டை பொருத்திய என் மவுசர் 98 வகை ரைஃபிளில் இதற்குப் பயன்படுத்தினேன்.

முதலில் இது தேவையா என்று பார்க்க வேண்டும். தோட்டா உள்ளே இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் டயல் கேஜைக் குழலில் பொருத்தி, அதன் முனை கட்டையின் முன்பகுதியைத் தொடுமாறு வைத்து, முன் திருகாணியை மெல்லத் தளர்த்தினேன். முள் 0.05 மி.மீ.க்கு மேல் நகர்ந்தால் ஆக்‌ஷன் அழுத்தத்தில் இருக்கிறது என்று கொள்வது வழக்கம். என்னுடையதில் அது 0.2 மி.மீ.யைத் தாண்டியது.

அக்ராகிளாஸின் திரவ வகையில் பிசினையும் கெட்டிப்பானையும் 4:1 என்ற கன அளவில் கலக்க வேண்டும். சிறிய அளவில் கலக்கும்போது அந்த விகிதம் எளிதில் தவறும். ஜெல்லுக்குச் சம அளவு போதும் என்பதே நான் அதைத் தேர்ந்தெடுத்ததற்கு முதற்காரணம். வெண்ணெய்போல் வைத்த இடத்தில் நிற்பதால் பள்ளத்தின் செங்குத்தான சுவர்களிலிருந்து அது வழிவதுமில்லை. ஆனால் எந்தக் கெட்டியான கலவையிலும் காற்றுக் குமிழி சிக்கும் என்பதால், அவசரமின்றிக் கலக்கி, மூலைகளில் குச்சியால் அழுத்தித் தடவ வேண்டும்.

உண்மையான உழைப்பு அதற்கு முந்தைய ஆயத்தத்தில்தான் இருக்கிறது. ஒட்டாமல் தடுக்கும் பூச்சை உலோகம் முழுவதும், திருகாணிப் புரிகள் உட்பட, தடவ வேண்டும். எபாக்சி புகுந்து பூட்டிக்கொள்ளக்கூடிய ஓட்டைகளையும் வெட்டுகளையும் களிமண்ணால் அடைக்க வேண்டும். ஒரு திருகாணியின் புரியில் பூச்சைத் தடவ நான் மறந்துவிட்டேன். மறுநாள் அது அசையவே இல்லை. சால்டரிங் அயனை அதன் தலையில் வைத்துச் சூடேற்றி, எபாக்சி இளகிய பிறகே கழற்ற முடிந்தது. குற்றம் முழுக்க என்னுடையது.

பின்னுதைப்பைத் தாங்க ஆக்‌ஷனின் அடியில் துருத்தி நிற்கும் உலோகக் கட்டியான ரீகாயில் லக்கின் முன்புறத்திலும் பக்கங்களிலும் அடியிலும் நாடா ஒட்டிவிட்டு, பின்முகம் மட்டும் எபாக்சியைத் தொடுமாறு விட்டேன். அப்போதுதான் லக் ஒரே முகத்தில் தாங்கும், ஆக்‌ஷனைக் கழற்றி மாட்டுவதும் எளிது. எபாக்சி இறுகும்வரை திருகாணிகளை முறுக்கவே கூடாது. முறுக்கினால், எந்த வளைவைப் போக்க முனைந்தோமோ அதையே நிலையாக வார்த்துவிடுவோம். ரப்பர் பட்டையால் லேசாகக் கட்டி ஒரு முழு நாள் விட்டேன். குழல் கட்டையைத் தொடாதபடி, இடையில் ஒரு தாள் தடையின்றிப் போய்வருமளவு இடைவெளியும் வைத்தேன்.

100 மீட்டரில் ஐந்து குண்டுகளின் பரவல் ஏறத்தாழ 55 மி.மீ.யிலிருந்து 40 மி.மீ.யாகக் குறைந்தது. பரவலை அளக்கும் கோண அலகான மினிட் ஆஃப் ஆங்கிள் (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) அந்தத் தூரத்தில் சுமார் 29 மி.மீ.; ஆகவே இது வியக்கத்தக்க முன்னேற்றமில்லை. மட்டமான குழலையும் தளர்ந்த ஸ்கோப் பிடிப்பையும் எந்த எபாக்சியும் சரிசெய்யாது. எனக்கு மனநிறைவளித்தது வேறொன்று: முன்பு ஈரமான மாதங்களில் மரம் ஊதும்போது குளிர்ந்த குழலின் முதல் குண்டு இடம் மாறிவிடும், இப்போது பருவம் மாறிய பின்னும் அது முந்தைய பரவலுக்குள்ளேயே விழுகிறது. காட்டில் பெரும்பாலும் கிடைப்பது அந்த ஒரு வாய்ப்புத்தானே.

ஒரு குறையைச் சொல்ல வேண்டும்: திருகாணிக்கு அடியில் மரம் நசுங்குவதை இந்த ஜெல் மட்டும் முழுமையாகத் தடுக்காது, அதற்கு அலுமினியத் தூண்களையும் பதிக்க வேண்டும். நான் அதைச் செய்யாததால், முறுக்கு விசையை 5 நியூட்டன் மீட்டருக்குள் நிறுத்திக்கொண்டு, ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் சரிபார்க்கிறேன்.