கேள்வி கேட்கக் கற்றுத்தரும் வகுப்பு: சுங்கை சிப்புட் மாலை நேர ஆங்கிலம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் நகரில், கடைவீட்டு மாடியில் நடக்கும் இந்தப் பேச்சு ஆங்கில வகுப்பில் படிவம் ஐந்து மாணவர்களும் தொழிற்சாலை வேலை முடிந்து வருபவர்களும் சேர்ந்தே உட்காருகிறார்கள். பாதிப் பாடம் கேள்வி கேட்பது பற்றியது. கிளினிக் கவுண்டரிலும் வங்கியிலும் நம்மவர்கள் திணறுவது கேட்கும்போதுதான் என்பதால் இது நல்ல முடிவு.

பிழையின் வேரை ஆசிரியை தமிழிலிருந்தே காட்டுகிறார். ‘அவரிடம் கேள்’ என்ற பழக்கத்தில் ‘ஆஸ்க் டு ஹிம்’ என்கிறோம். ‘ஆஸ்க் ஹிம்’ போதும். ‘எக்ஸ்ப்ளெய்ன்’ நேரெதிர், அங்கே ‘டு மீ’ கட்டாயம். ‘ஐ ஹேவ் எ டவுட்’ என்றால் எதிரில் இருப்பவர் சொன்னதை நாம் நம்பவில்லை என்று அவர் எடுத்துக்கொள்ளலாம். விளக்கம் கேட்க ‘ஐ ஹேவ் எ கொஸ்டியன்’தான் பொருத்தம்.

மறைமுகக் கேள்விக்கு அதிக நேரம் தருகிறார்கள், தரவும் வேண்டும். ‘வேர் இஸ் த கவுண்டர்?’ என்பதன் முன் ‘கேன் யூ டெல் மீ’ சேர்ந்ததும் ‘இஸ்’ கடைசிக்குப் போகவேண்டும்: ‘கேன் யூ டெல் மீ வேர் த கவுண்டர் இஸ்?’ ‘வென் டிட் த பஸ் லீவ்?’ என்பதில் ‘டிட்’ மறைந்து, இறந்தகாலம் வினையில் ஏறும்: ‘டு யூ நோ வென் த பஸ் லெஃப்ட்?’ ஆம், இல்லை என்ற பதில் வரும் கேள்வியானால் நடுவில் ‘இஃப்’ வேண்டும். தமிழில் ‘எங்கே இருக்கிறது’ என்பதோடு எதைச் சேர்த்தாலும் சொல்வரிசை மாறாது. அதனால்தான் பிழை நம் காதில் உறைப்பதில்லை. ஒருவர் நேர்க்கேள்வி சொல்ல, பக்கத்தில் இருப்பவர் அதை மாற்றிச் சொல்லும் பயிற்சி இதற்கு நன்றாக உதவுகிறது.

குறையும் உண்டு. ‘டு யூ மைண்ட் வெயிட்டிங்?’ என்று கேட்கப் பழக்குகிறார்கள், பதிலைப் பழக்குவதில்லை. காத்திருக்கச் சம்மதம் என்றால் ‘நோ’ சொல்ல வேண்டும். மரியாதைக்காக ‘யெஸ்’ என்றால் மறுத்ததாகிவிடும். ‘முடியுமா, முடியாதா’ என்று கேட்கும் நம்மூர்ப் பேச்சுவழக்கான ‘கேன் ஆர் நாட்?’டை அடியோடு தடுப்பதும் அதிகம். பாசாரில் (சந்தையில்) அது தாராளமாகச் செல்லும். நேர்முகத் தேர்வில் தவிர்த்தால் போதும்.

படிவம் ஐந்து முடிவில் வரும் அரசுத் தேர்வான எஸ்.பி.எம். எழுதும் மாணவர்களுக்கு இன்னொரு பயன்: 2021இல் வந்த புதிய வடிவில், பேச்சுத் தேர்வின் கடைசிப் பகுதியில் இரு மாணவர்கள் தங்களுக்குள் கலந்துபேச வேண்டும். ‘வாட் டு யூ திங்க்?’ ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லாமல், ‘வை டு யூ சே தட்?’ போன்றவற்றையும் இங்கே பழகலாம்.

சேருமுன் ஒரு வகுப்பில் உட்கார்ந்து பார்க்க விடுகிறார்கள். செவ்வாய்க்கிழமை போங்கள், கூட்டம் குறைவு, பேச வாய்ப்பு அதிகம்.