மடித்த துண்டும் மஞ்சள் அட்டையும்

என் மகனுக்கு ஆட்டிசம் இருப்பது கனடாவில் அவனுடைய மூன்றாவது வயதில் உறுதியானது. அன்று முதல் படிவங்களோடும் காத்திருப்புப் பட்டியல்களோடும் பழகிப்போனவள் நான். ஆகவே, இந்தக் கோடையில் ஐந்து வார விடுமுறைக்குத் தென் மாவட்டத்திலுள்ள எங்கள் சிற்றூருக்குப் போனபோது, தங்கையின் நான்கு வயது மகளுக்கு அங்கே என்னென்ன உதவிகள் உண்டு, அவை பெற்றவளின் கைக்கு எப்படி வந்து சேருகின்றன என்று பார்ப்பதையே முதல் வேலையாக வைத்துக்கொண்டேன். ஊரில் ஒன்றுமே இருக்காது என்ற எண்ணத்தோடுதான் விமானம் ஏறினேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பிள்ளை பிறந்தவுடன் அழவில்லை. எட்டு மாதமாகியும் கழுத்து நிற்கவில்லை. "நாளானா சரியாயிடும், அவ அப்பாவே மூணு வயசுலதான் பேசினான்" என்று புகுந்த வீட்டில் சொல்லிச் சொல்லியே ஒன்றரை ஆண்டு கழிந்த பிறகுதான் மூளை முடக்குவாதம் (செரிப்ரல் பால்சி), அதாவது மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் உடல் அசைவு கட்டுக்குள் வராத நிலை, என்ற சொல்லைத் தங்கை முதன்முறையாகக் கேட்டாள். பிறவிக் குறைபாடுகளையும் வளர்ச்சித் தாமதத்தையும் முன்கூட்டியே கண்டறிய 2013 முதல் ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்திய காரியக்ரம் என்ற திட்டம் நடைமுறையில் இருக்கிறது. மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இரண்டு முறை பரிசோதித்து, தேவைப்படுவோரைச் சிகிச்சையும் பயிற்சியும் தரும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பவேண்டும் என்பது அதன் ஏற்பாடு. ஏற்பாட்டில் குறையில்லை. ஆனால் உட்காரவே முடியாத பிள்ளையை அங்கன்வாடிக்கு எப்படி அனுப்புவது என்று வீட்டிலேயே வைத்துக்கொண்டதால், யாருக்காக அந்தக் குழு வருகிறதோ அந்தப் பிள்ளை அதன் கண்ணில் படவேயில்லை.

மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைதான் எல்லாவற்றுக்கும் திறவுகோல். 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழாக இருந்த குறைபாட்டு வகைகள் 2016ஆம் ஆண்டின் உரிமைகள் சட்டத்தில் இருபத்தொன்றாக விரிந்தன. மூளை முடக்குவாதமும் ஆட்டிசமும் இப்போது பெயர் சொல்லியே இடம்பெற்றுள்ளன. அட்டைக்கு விண்ணப்பிக்க இணையச் சேவை மையத்துக்குப் போனோம். பிள்ளையின் ஆதாரோடு இணைக்கப்பட்டிருந்தது குவைத்தில் வேலை பார்க்கும் தங்கையின் கணவருடைய பழைய கைப்பேசி எண். ஓடிபி அந்த எண்ணுக்குப் போகும். அவரோ பணியிடத்தில் கைப்பேசியைத் தொட முடியாது. இரவு அவர் எடுத்துப் பார்க்கும்போது அது காலாவதியாகியிருக்கும். இந்த ஓர் எண்ணை மாற்றுவதற்கு மட்டும் எங்களுக்கு ஒன்பது நாள் ஆயிற்று. வெளிநாட்டில் இருக்கும் அப்பாக்கள் யாரேனும் இதைப் படித்தால், தயவுசெய்து பிள்ளையின் ஆதாரில் அம்மாவின் எண்ணைப் போட்டுவிடுங்கள்.

அட்டைக்காகக் குறைபாட்டின் அளவைச் சான்றளிக்கும் மருத்துவக் குழுவின் முன் நின்ற நேரம் ஐந்து நிமிடத்துக்கு மேல் இருக்காது. கால்களை மடக்கி நீட்டிப் பார்த்த மருத்துவர் எழுபது சதவீதம் என்று எழுதினார். நாற்பதுக்குக் கீழே வெள்ளை, எண்பதுக்குக் கீழே மஞ்சள், அதற்கு மேல் நீலம் என்று அட்டைக்கு நிறம் உண்டு, எங்களுக்கு மஞ்சள். அடுத்து எந்த அலுவலகத்துக்குப் போகவேண்டும், பிள்ளையின் பயிற்சிக்கு யாரைப் பார்க்கவேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. தங்கை கேட்டதற்கு, "அட்டை வீட்டுக்கு வரும்மா" என்ற பதில்தான் கிடைத்தது.

வீட்டுத் திண்ணையில் ஒரு நாற்காலி கிடந்தது. தலைக்கும் இடுப்புக்கும் பட்டைகளும் முன்னால் ஒரு தட்டுப் பலகையும் கொண்ட அது மூளை முடக்குவாதக் குழந்தைகளுக்கென்றே செய்யப்பட்டது. போன ஆண்டு ஒரு முகாமில் இலவசமாகக் கொடுத்தார்களாம். அதன்மேல் துணி காய்ந்துகொண்டிருந்தது. பிள்ளையை உட்காரவைத்தால் சரிந்து விழுகிறாள் என்றாள் தங்கை. அளவு பெரிது, கொடுத்தவர்கள் அதைச் சரிசெய்து காட்டவும் இல்லை. பொருள் வந்து சேர்ந்துவிட்டது, அதைப் பயன்படுத்தும் வழி மட்டும் கூட வரவில்லை. ஐந்து வாரமும் நான் கண்டதை இந்த நாற்காலியைவிடச் சுருக்கமாக என்னால் சொல்ல முடியாது.

தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில் உள்ள அமர் சேவா சங்கத்துக்கு ஒரு நாள் போய்வந்தோம். பொறியியல் மாணவராக இருந்தபோது முதுகுத்தண்டில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே இயக்கத்தை இழந்த எஸ். ராமகிருஷ்ணன் மாற்றுத்திறனாளிகளுக்காக 1981இல் தொடங்கிய அமைப்பு அது. ஆரம்பநிலைப் பயிற்சியைக் குழந்தை வாழும் வீட்டுக்கே கொண்டுபோவதும், பெற்றோரையே பயிற்சியாளராக்குவதும் அவர்களுடைய வழி. அங்கே பேசிவிட்டு வந்த தெம்பில் பள்ளிக் கல்வித் துறையின் கீழுள்ள எங்கள் வட்டார வள மையத்தின் கதவைத் தட்டினோம். பள்ளிக்கு வர இயலாத பிள்ளைகளின் வீட்டுக்குச் சிறப்புப் பயிற்றுநரும் இயன்முறை மருத்துவரும் வரும் ஏற்பாடு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் இருக்கிறது என்பது அதுவரை எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது.

அடுத்த வாரமே வந்த பயிற்றுநர் முதலில் பிள்ளையைத் தொடவே இல்லை. "நீங்க எப்பவும் ஊட்டுற மாதிரியே ஊட்டுங்கம்மா" என்று சொல்லிவிட்டுச் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார். தங்கை பிள்ளையை மடியில் மல்லாக்கப் போட்டு, தலையைப் பின்னுக்குச் சாய்த்து, குழைத்த சோற்றை வாயில் விட்டாள். நாங்கள் எல்லோரும் வளர்ந்த முறை அது. பிள்ளை இருமினாள், மூச்சுத் திணறினாள். பயிற்றுநர் துணிகளை எடுத்துவிட்டு நாற்காலியை உள்ளே கொண்டுவந்தார். குளியல் துண்டுகள் இரண்டை இறுக்கச் சுருட்டி இடுப்பின் இருபுறமும் செருகினார். மூன்றாவதை மடித்து முதுகுக்குப் பின்னால் வைத்தார். தொங்கிய பாதங்களுக்கு அடியில் அரிசி அளக்கும் மரப்படியைக் கவிழ்த்து வைத்தார். தலை நிமிர்ந்து, முகவாய் சற்றே கீழ்நோக்கி இருக்கவேண்டும். கரண்டி எதிரிலிருந்து, வாயின் மட்டத்துக்கு வரவேண்டும். தலை அண்ணாந்திருந்தால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போகும், அடிக்கடி சளி பிடிப்பதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம் என்று விளக்கினார். அன்று அரைக் கிண்ணம் சோறு இருமலின்றி இறங்கியது. தங்கை அடுப்படிக்குள் போய்ச் சிறிது நேரம் வெளியே வரவில்லை. மூன்று ஆண்டுகளாகத் தான் தவறாக ஊட்டிவிட்டோமே என்ற எண்ணம் அவளை அறுத்தது. அதையும் அந்தப் பெண்மணி எதிர்பார்த்திருக்கவேண்டும், "யாரும் சொல்லித் தராததை நீங்க எப்படிம்மா செய்வீங்க?" என்று மட்டும் கேட்டார். வெளிநாட்டில் பெரும் கட்டணம் வாங்கிய சிகிச்சையாளர்கள் சிலரிடம் இந்தப் பக்குவத்தை நான் பார்த்ததில்லை.

அவர் வழியாகத்தான் தாய்மார்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் தங்கை சேர்ந்தாள். உண்மையான வழிகாட்டி மையம் என்றால் நான் அதைத்தான் சொல்வேன். மூளை முடக்குவாதமும் ஆட்டிசமும் உள்ளோருக்குத் மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை தரும் நிராமயா மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை உண்டென்பதும், அதற்கு முன்கூட்டிய மருத்துவப் பரிசோதனை தேவையில்லை என்பதும் அங்கே தெரியவந்தன. பதினெட்டு வயதுக்குப் பிறகு பெற்றோரும் சட்டப்படி பாதுகாவலராக நியமனம் பெறவேண்டியிருக்கும், அதை 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி ஆட்சியரை உறுப்பினராகக் கொண்ட உள்ளூர்க் குழு செய்யும் என்று இருபது வயது மகனுடைய தாய் ஒருவர் நிதானமாகக் குரல் பதிவில் விளக்கியிருந்தார். உலக வங்கி நிதியோடு தமிழக அரசு நடத்தும் உரிமைகள் திட்டத்தில் 'விழுதுகள்' என்ற ஒருங்கிணைந்த சேவை மையங்கள் வருகின்றன என்பதையும் அவர்தான் சொன்னார். எல்லாச் சிகிச்சைகளும் ஒரே கூரையின்கீழ் கிடைக்குமானால் நல்லதுதான். அங்கே அம்மாவுக்குச் சொல்லித்தர ஒருவர் உட்கார்ந்திருப்பாரா என்பதே எனக்கு முக்கியம்.

ஒரு சிக்கல் மட்டும் தீரவில்லை. கடும் பாதிப்புக்கு உள்ளானவர்களுக்கான பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 2000 ரூபாய். அதற்கு எழுபத்தைந்து சதவீதம் வேண்டும். எங்கள் சான்றிதழில் ஐந்து குறைகிறது. அறிவுத்திறன் குறைபாட்டுக்கு நாற்பதே போதும், ஆகவே அந்தச் சோதனையையும் செய்யச் சொல்லிக் கேளுங்கள் என்று குழுவில் ஒருவர் நல்லெண்ணத்தோடு யோசனை சொன்னார். அந்த யோசனையில் தவறில்லை, பேச்சு வராத பிள்ளைக்கு எவ்வளவு புரிகிறது என்பதை முறையாகச் சோதிப்பது பயிற்சிக்கும் உதவும் என்பது என் எண்ணம். தங்கை அன்று இரவு வெகுநேரம் தூங்கவில்லை.

"அவளுக்கு எல்லாம் புரியுதுக்கா. பணத்துக்காகப் புரியலைன்னு எழுதச் சொல்லவா?" என்றாள்.

நான் கிளம்பும்வரை அவள் முடிவெடுக்கவில்லை. மஞ்சள் அட்டை நான் இங்கே வந்து சேர்ந்த பிறகு அஞ்சலில் வந்ததாம். அதைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். படத்தின் ஓரத்தில் நாற்காலியும், அதில் இப்போது இரண்டே துண்டுகளும் தெரிந்தன. பிள்ளை சற்றுப் பருத்துவிட்டதால் முதுகுத் துண்டு தேவைப்படவில்லை என்று கீழே எழுதியிருந்தாள்.