அர்விட்: டெர்மினலுக்குள் பல சன்னல்கள் கட்ட ஒரு பைத்தான் லைப்ரரி

தொலைவிலிருக்கும் சர்வர்களை எஸ்எஸ்ஹெச் (வேறொரு கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் முறை) வழியாகப் பார்த்துக்கொள்வது என் வேலை. இடப்பக்கம் சர்வர் பட்டியல், வலப்பக்கம் ஓடும் லாக் (சர்வரின் நிகழ்வுப் பதிவு), அதன் கீழே கட்டளை அடிக்க ஒரு வரி என்று ஒரு திரையை அர்விட்டில் எழுதிக்கொண்டேன். இப்போது என் வேலைநேரம் முழுக்க அதற்குள்தான்.

பைத்தானோடு வரும் கர்ஸஸ் என்ற டெர்மினல் திரை மாட்யூலிலும் இதைச் செய்யலாம். ஆனால் ஒவ்வொரு சன்னலின் நீள அகலத்தையும் நாமே கணக்குப் போட வேண்டும், எதை எப்போது மறுபடி வரைவது என்பதும் நம் பொறுப்பு. அர்விட்டில் காலம்ஸ் (பக்கம்பக்கமாக வைக்க), லைன்பாக்ஸ் (சுற்றிக் கோடு போட), லிஸ்ட்பாக்ஸ் (உருட்டிப் பார்க்கும் பட்டியல்) என அடுக்கிவிட்டால் டெர்மினலை எப்படி இழுத்தாலும் அதுவே சரிசெய்துகொள்ளும்.

எனக்கு மிகவும் பிடித்தது, விசைகளை அது நடத்தும் முறை. அழுத்திய விசை முதலில் ஃபோகஸில் உள்ள, அதாவது அப்போது தேர்வாகியிருக்கும் விட்ஜெட்டுக்கு (திரையின் ஓர் உறுப்புக்கு) போகும். அதற்குத் தேவையில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடும், அதை வெளியில் சுற்றியிருக்கும் விட்ஜெட் வாங்கிப் பார்க்கும். எவருக்கும் வேண்டாதது கடைசியில் நாம் எழுதிய ஃபங்ஷனுக்கு வரும். கட்டளை வரியில் இடது அம்பு கர்சரை நகர்த்துகிறது. வரியின் தொடக்கத்தை எட்டியபின் அதே அம்பு சர்வர் பட்டியலுக்குக் கூட்டிப்போகிறது. இதற்காக நான் ஒரு வரிகூட எழுதவில்லை! டேப் விசையால் சன்னல் மாறுவது மட்டும் தானாக வராது, அதை நாம்தான் எழுத வேண்டும்.

நிகழ்வுகளைக் கவனிக்கும் லூப் ஒன்றே ஒன்று. அதனால் எங்காவது ஸ்லீப் (நிரலைக் காத்திருக்கவைக்கும் கட்டளை) போட்டால் திரை மொத்தமும் உறைந்துவிடும். நேரம் வைத்துச் செய்யும் வேலைக்கு செட் அலாரம் இன் இருக்கிறது. லாக்குக்கு வாட்ச் பைப். அது தரும் பைப்பை (தரவு பாயும் குழாய்) டெயில் கட்டளையின் (கோப்பின் கடைசி வரிகளைக் காட்டுவது) அவுட்புட்டில் மாட்டிவிட்டால், தரவு வரும்போதெல்லாம் நம் ஃபங்ஷன் கூப்பிடப்படும், திரையும் தானே புதுப்பிக்கப்படும். ஆனால் வருவது முழு வரிகள் அல்ல, பைட் துண்டுகள். வரியின் நடுவில் வெட்டுப்படும், ஓர் எழுத்தின் யூடிஎஃப்-8 (எழுத்துகளை பைட்டுகளாகச் சேமிக்கும் முறை) பைட்டுகளுக்கு நடுவிலும் வெட்டுப்படும். கடைசி மிச்சத்தைப் பிடித்துவைத்து அடுத்த துண்டோடு சேர்க்க ஒரு பஃபர் (தற்காலிகச் சேமிப்பு) கட்டாயம் வேண்டும்.

புதிதாக வருபவர்கள் திணறுவது விட்ஜெட்டுகளின் பாக்ஸ், ஃப்ளோ என்ற பிரிவில்தான். லிஸ்ட்பாக்ஸ் பாக்ஸ் வகை, அதற்கு அகலமும் உயரமும் சொல்ல வேண்டும். டெக்ஸ்ட் ஃப்ளோ வகை, அதற்கு அகலம் போதும், உயரத்தை அதுவே முடிவுசெய்யும். ஃபிரேமின் (தலைப்பு, நடு, அடி எனப் பிரிக்கும் விட்ஜெட்) நடுவில் டெக்ஸ்ட்டை வைக்க வேண்டுமானால், மிச்ச உயரத்தை நிரப்பும் ஃபில்லருக்குள் போட்டுத்தான் வைக்க வேண்டும். இதை ஆவணத்தின் முதல் பக்கத்திலேயே படம் போட்டு விளக்கியிருக்கலாம். நிறங்களையும் தோற்றத்தையும் சிஎஸ்எஸ் (வலைப்பக்கத் தோற்றத்தை எழுதும் மொழி) போல எழுத விரும்புகிறவர்கள் டெக்ஸ்சுவல் என்ற இன்னொரு பைத்தான் லைப்ரரி பக்கம் போகட்டும். லாக் பார்க்க, கட்டளை அடிக்க என்றால் நான் அர்விட்டைத்தான் சொல்வேன்.