ஆர் மொழியில் பெயர் ஒட்டுதல்: வடசென்னைக் காற்றுத் தரவோடு சில ஆண்டுகள்

மணலி, மணலி கிராமம், கொடுங்கையூர், ராயபுரம். இந்தக் கண்காணிப்பு நிலையங்களின் பிஎம் 2.5 (காற்றில் மிதக்கும் மிக நுண்ணிய துகள்கள்) அளவுகளைத் தண்டையார்பேட்டையில் இருந்துகொண்டு, புள்ளிவிவரக் கணக்குகளுக்கான ஆர் என்ற நிரல் மொழியில் சில ஆண்டுகளாக அலசி வருகிறேன். இத்தனை நாள் புழக்கத்தில் எனக்கு அதிகம் கைகொடுத்தது வரைபடமோ மாடலோ இல்லை. தரவுக்குப் பெயர் ஒட்டும் நேம்ஸ் (names) என்ற சின்னஞ்சிறு ஃபங்ஷன்தான்.

நான்கு எண்கள் கொண்ட வெக்டர், அதாவது வரிசையாக அடுக்கிய மதிப்புகள், என்றால் மூன்றாவது எந்த ஊர் என்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நிலையத்தின் பெயரை ஒட்டிவிட்டால், சதுர அடைப்புக்குறிக்குள் மேற்கோளோடு "ராயபுரம்" என்று கேட்டாலே அதன் அளவு வந்துவிடும். வரிசை மாறினாலும் கவலையில்லை. உருவாக்கும்போதே பெயரும் சேர்ந்து வர வேண்டுமென்றால் செட்நேம்ஸ் (setNames) இருக்கிறது. எண்களை அட்டவணையாக அடுக்கும் மேட்ரிக்ஸின் கிடைவரிசைகளுக்கு ரோநேம்ஸ் (rownames), நெடுவரிசைகளுக்கு கால்நேம்ஸ் (colnames).

ஆனால் ஒன்றை ஆணித்தரமாகச் சொல்லியாக வேண்டும். எடுக்கும்போது பெயரை மதிக்கும் ஆர், கணக்குப் போடும்போது மதிப்பதில்லை. இந்த மாதச் சராசரியிலிருந்து போன மாதச் சராசரியைக் கழிக்கிறோம். இரண்டு வெக்டரிலும் நிலையங்களின் வரிசை வேறு என்று வையுங்கள். முதலாவதிலிருந்து முதலாவது, இரண்டாவதிலிருந்து இரண்டாவது என்று இடத்தைப் பார்த்தே கழிக்கும். மணலியிலிருந்து கொடுங்கையூர் கழிபடும். விடையின் மேல் "மணலி" என்றே எழுதியிருக்கும், ஏனென்றால் பெயர்களை முதல் வெக்டரிலிருந்து எடுத்துக்கொள்கிறது. நீளம் ஒன்றாக இருப்பதால் எச்சரிக்கையும் வராது. அதனால் இரண்டாவது வெக்டரை முதலாவதன் பெயர் வரிசைப்படி எடுத்து அடுக்கிவிட்டுத்தான் கழிப்பேன். இரண்டின் பெயர்களும் அச்சு அசலாக ஒன்றுதானா என்று ஐடென்டிகல் (identical) என்ற ஃபங்ஷனை வைத்துப் பார்த்துவிடுவதும் உண்டு. மக்கள் மூச்சுவிடும் காற்றைப் பற்றிய எண் இது. ஊர் மாறி வெளியே போகக் கூடாது.

பெயர் சொல்லி ஒன்றை எடுக்க உதவும் டாலர் குறியும் ($) இதே அளவு கவனம் கேட்கிறது. பலவகைத் தரவுகளை ஒன்றாக வைக்கும் லிஸ்ட்டில் மணலியின் தரவு அந்த மாதம் வரவில்லை, மணலி கிராமம் மட்டும் இருக்கிறது. டாலர் போட்டு "மணலி" என்று கேட்டால் "இல்லை" என்று சொல்லாது. அந்த எழுத்துகளில் தொடங்கும் பெயர் வேறு எதுவும் இல்லாததால், சத்தமில்லாமல் மணலி கிராமத்தை எடுத்துக் கொடுத்துவிடும். தரவு அட்டவணையான டேட்டா ஃபிரேமிலும் இதே கதை. இரட்டைச் சதுர அடைப்புக்குறி ([[ ]]) முழுப் பெயர் பொருந்தினால்தான் தரும். ஸ்கிரிப்டுகளில் நான் நம்புவது அதைத்தான்.

மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து வைக்கும் சிஎஸ்வி கோப்பை ஆரில் படிக்கும்போது தலைப்பிலுள்ள இடைவெளி, அடைப்புக்குறி, சாய்கோடு எல்லாம் புள்ளிகளாகிவிடும். படிக்கும் ஃபங்ஷனில் செக் நேம்ஸ் (check.names) என்ற அமைப்பை ஃபால்ஸ் (FALSE) என்று கொடுத்தால் தலைப்பு அப்படியே நிற்கும், ஆனால் ஒவ்வொரு முறையும் பேக்டிக் (`) குறி போட்டு எழுத வேண்டியிருக்கும். படித்த கையோடு குட்டிப் பெயர்களாக மாற்றிவிடுவது மேல்.

ஒரே பெயர் இரண்டு முறை வந்தாலும் வெக்டர் ஏற்றுக்கொள்ளும். கேட்டால் முதலாவதை மட்டும் தரும். டேட்டா ஃபிரேமின் கிடைவரிசைப் பெயர்கள் மட்டும் இதற்கு விதிவிலக்கு. அங்கே இரட்டிப்பு இருந்தால் பிழை காட்டி நின்றுவிடும்.

தமிழிலேயே பெயர் வைக்க நினைப்பவர்கள் விண்டோஸில் ஆரின் 4.2 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். 2022இல் வந்த அந்தப் பதிப்பிலிருந்துதான் விண்டோஸிலும் தமிழ் உட்பட எல்லா எழுத்துகளையும் குறிக்கும் யுடிஎஃப்-8 குறியாக்கம் இயல்பாக வேலை செய்கிறது.