படங்கள் பேசுகின்றன, வீட்டார் பேசவில்லை: ‘மிட்நைட் ஃபார் சார்லி போன்’

8 முதல் 12 வயது வரையுள்ள வாசகர்களுக்காக எழுதப்படும் மாயக் கதைகளில் தாயோ தந்தையோ இல்லாமற்போவது பெரும்பாலும் ஆசிரியருக்கு ஒரு வசதி. பெற்றவர்கள் பக்கத்தில் இருந்தால் பிள்ளை நள்ளிரவில் இடிந்த கோட்டைக்குள் நுழைய முடியாது, அறிமுகமில்லாத கிழவர் கொடுக்கும் பெட்டியை வாங்கி வைத்துக்கொள்ள முடியாது, பத்து மணிக்கு மேல் விழித்திருக்கவும் முடியாது. ஆகவே முதல் அத்தியாயம் முடிவதற்குள் அவர்கள் விபத்திலோ போரிலோ கடலிலோ மறைந்துவிடுவார்கள். அதன்பின் பிள்ளைக்கும் அவர்கள் நினைவு அதிகம் வராது. பிரிட்டிஷ் எழுத்தாளர் ஜென்னி நிம்மோ எழுதி 2002-இல் வெளிவந்த ‘மிட்நைட் ஃபார் சார்லி போன்’ அந்த வகையைச் சேர்ந்ததன்று என்பதைச் சொல்லத்தான் இந்த மதிப்புரை. எட்டு நூல்கள் கொண்ட ‘சில்ட்ரன் ஆஃப் தி ரெட் கிங்’ தொடரின் முதல் நூலான இதில், தந்தை இல்லாமை கதையைத் தொடங்கி வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் காரணமாக இல்லாமல், ஒரு வீட்டின் அன்றாடத்துக்குள் குடியேறிவிட்ட மௌனமாக இருக்கிறது.

சார்லி போன் பத்து வயதுச் சிறுவன். நெருங்கிய நண்பன் பெஞ்சமினின் பிறந்தநாளுக்கு, அவனுடைய நாயின் புகைப்படத்தை வைத்து ஒரு வாழ்த்து அட்டை செய்ய நினைக்கிறான். கழுவி வந்த படங்களின் உறை மாறிப்போகிறது. நாய்க்குப் பதிலாக, கைக்குழந்தையை ஏந்தியிருக்கும் ஒரு மனிதரின் படம் அவன் கைக்கு வந்து சேர்கிறது; அதை உற்றுப் பார்க்கையில், படம் எடுக்கப்பட்ட நேரத்தில் அங்கிருந்தவர்கள் பேசியது அவன் காதில் விழுகிறது. மந்திரக்கோலும் ஆந்தையும் இன்றி, தவறான உறைக்குள் வந்த ஒரு படத்தின் வழியாக மாயம் வீட்டுக்குள் நுழைகிறது. சுருள் படத்தைக் கடையில் கொடுத்துக் கழுவி வாங்கும் வழக்கத்தையே அறியாத இன்றைய பிள்ளைக்கு இந்தத் தொடக்கத்தைச் சற்று விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும். அந்தச் சிறு தடையைத் தாண்டிவிட்டால், குழந்தைகளுக்கான மாயக் கதைகளில் நான் படித்த தொடக்கங்களுள் மிகச் சிக்கனமானது இதுதான்.

ஒரு திறமையைப் பாத்திரத்துக்குக் கொடுப்பது எளிது. அந்தத் திறமை அந்தப் பாத்திரத்தின் குறையோடு உரசும்படி கொடுப்பது அரிது. சார்லியின் தந்தை லயல், அவன் இரண்டு வயதுக் குழந்தையாக இருந்தபோது, பனிமூட்டமான ஓர் இரவில் காரோடு கற்சுரங்கப் பள்ளத்தில் விழுந்து இறந்துவிட்டதாக எல்லோரும் நம்புகிறார்கள். உடல் மட்டும் கிடைக்கவில்லை. படங்களின் பேச்சைக் கேட்கக்கூடிய பிள்ளைக்கு, நினைவில் குரலே தங்காத ஒரு தந்தை. இந்த இரண்டையும் ஆசிரியர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு அதைப் பற்றி எதுவும் பேசாமல் நகர்ந்துவிடுகிறார். படம் பேசும் என்று தெரிந்தவுடன் வாசகரின் மனம் தந்தையின் படத்தை நோக்கித்தான் ஓடும். கதையோ அந்தத் திசையில் ஓடுவதில்லை. உறை மாறி வந்த படத்தில் இருந்த, யாரோ ஒருவருடைய குழந்தையைத் தேடிப் போகிறது. அந்தக் குழந்தையின் சித்தி புத்தகக் கடை நடத்தும் ஜூலியா இங்கிள்டியூ. தன் தந்தையைத் தேடத் தெரியாத ஒரு சிறுவன், முன்பின் தெரியாத அந்தப் பெண்ணுக்காக அவளுடைய அக்கா மகளைத் தேடத் தொடங்குகிறான் என்பதுதான் நூலின் நடுப்பகுதி. இந்தத் திருப்பம் முதல் வாசிப்பில் சுற்றுவழியாகத் தெரிந்தது. இரண்டாம் வாசிப்பில்தான், நேராகக் கேட்க முடியாத கேள்வியை ஒரு பிள்ளை இன்னொருவர் பொருட்டுக் கேட்டுப் பார்க்கிறது என்பது புரிந்தது.

சார்லியின் வீட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நூலின் ஆகச் சிறந்த பக்கங்கள் மாயப் பள்ளியில் இல்லை, அந்த வீட்டில்தான் இருக்கின்றன. தாய் ஏமி காய்கனிக் கடையில் வேலை செய்கிறாள். தாயின் தாய் மேஸி சமையலறையை ஆள்கிறாள். தந்தையின் தாய் ‘கிராண்ட்மா போன்’ மற்ற எல்லாவற்றையும் ஆள்கிறாள். ஆங்கிலத்தில் இருவருமே ‘கிராண்ட்மா’ ஆகிவிடுவதால், ஒருத்தியைப் பெயரிட்டும் மற்றவளைக் குடும்பப் பெயரிட்டும் ஆசிரியர் பிரிக்க வேண்டியிருக்கிறது. அம்மாச்சி என்றும் அப்பத்தா என்றும் பிரித்தறியப் பழகிய நமக்கு அந்த வீட்டின் இழுபறி ஒரே வரியில் விளங்கிவிடும். ‘அங்கிள்’ என்று அழைக்கப்படும் பேட்டன் உண்மையில் அப்பத்தாவின் தம்பி. முறைப்படி சார்லிக்குத் தாத்தா. இந்த முறையை மனத்தில் இருத்திக்கொண்டு படித்தால், பேட்டன் தன் சொந்த அக்காமாரை எதிர்த்துப் பேரப்பிள்ளையின் பக்கம் வந்து நிற்கும் இடத்துக்குக் கூடுதல் கனம் கிடைக்கிறது.

பேட்டனின் ஆற்றல் வினோதமானது. அவர் அருகில் சென்றால் மின்விளக்குகள் வெடித்துச் சிதறும். பயனுள்ள வேலை எதையும் செய்யாத, சங்கடத்தை மட்டுமே தரும் இந்த ஆற்றலின் பொருட்டு அவர் பகலெல்லாம் அறைக்குள் புத்தகங்களோடு அடைந்து கிடந்து, இருட்டியபின் வெளியே நடக்கிறார். இளம் வாசகருக்கு இது சிரிப்பூட்டும். பெரியவர் படித்தால், குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்தும் யாரும் பேசாத ஒரு குறையோடு வாழ்ந்து பழகிய மனிதரின் சித்திரமாகத் தோன்றும். மாய ஆற்றல் என்றாலே வெற்றி என்று எழுதிப் பழகிய கதைகளுக்கு நடுவே, தெருவிளக்கைக் கண்டு ஒதுங்கிப் போகும் ஒரு மந்திரவாதியைப் படைத்ததற்காகவே இந்த நூலை நான் இரண்டு முறை படித்தேன்.

இந்த ஆற்றல்கள் அனைத்தும் ஒரே மூலத்திலிருந்து வருவதாக நூலின் முன்கதை சொல்கிறது. பல நூற்றாண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து வடதிசைக்கு வந்து சேர்ந்த சிவப்பு அரசன் என்னும் மந்திரவாதி, மனைவி இறந்த துயரத்தில் பத்துப் பிள்ளைகளையும் விட்டுவிட்டுக் காட்டுக்குள் போய்விடுகிறான். பிள்ளைகளுக்குள் பாதிப்பேர் தங்கள் ஆற்றலைத் தீமைக்குப் பயன்படுத்த, மற்றவர்கள் அவர்களைப் பிரிந்து போகிறார்கள். அவர்களின் வழித்தோன்றல்களுள் சிலருக்கு ஆளுக்கொரு கூறாக அந்த ஆற்றல் வந்து சேர்கிறது. அதாவது இந்த உலகத்தின் முதல் காணாமற்போன தந்தை சிவப்பு அரசனே. ஆங்கில மூலம் இப்பிள்ளைகளைக் குறிக்கும் ‘எண்டௌட்’ என்னும் சொல்லை ‘வரம் பெற்றவர்கள்’ என்று தமிழில் சொல்லத் தோன்றினாலும் அது பொருந்தாது. வரம் என்பது தவமிருந்து, கேட்டு வாங்குவது. இது யாரும் கேளாமல் இரத்தத்தில் வந்து இறங்குவது. சிலருக்கு வேண்டாத சுமை. பிறர் அணிந்த ஆடையைப் போட்டுக்கொண்டால் அவர்களுடைய துயரம் முழுவதும் தன்னை வந்து பற்றிக்கொள்ளும் கேப்ரியல் சில்க் அதற்கு நல்ல சான்று. ஆடை இப்படிப் பேசும் என்னும்போது, காணாமற்போனவர் விட்டுச் சென்ற உடுப்பு ஒன்று என்ன பொருள் பெறக்கூடும் என்பதை வாசகரே ஊகித்துக்கொள்ளலாம்.

ஆற்றல் வெளிப்பட்டதும் அப்பத்தாவும் அவளுடைய மூன்று சகோதரிகளும் சார்லியை ப்ளூர் அகாடமிக்கு அனுப்புகிறார்கள். வார நாள்களில் அங்கேயே தங்கிப் படிக்க வேண்டிய அந்தப் பள்ளியில் இசை, ஓவியம், நாடகம் என மூன்று பிரிவுகள். இசைக்கு நீல அங்கி, ஓவியத்துக்குப் பச்சை, நாடகத்துக்கு ஊதா. ஆற்றல் உள்ள பிள்ளைகள் சிலரே; ஏனையோர் கலைத்திறனுக்காகச் சேர்க்கப்பட்டவர்கள். 1997-இல் தொடங்கிய புகழ்பெற்ற மந்திரப் பள்ளித் தொடரான ‘ஹாரி பாட்டர்’ நூல்களோடு இதை ஒப்பிடாத வாசகர் இருக்க முடியாது. ஆனால் அந்தத் தொடர் வருவதற்குப் பதினோரு ஆண்டுகள் முன்பே, 1986-இல், ‘தி ஸ்னோ ஸ்பைடர்’ என்னும் நூலில், அக்காள் காணாமற்போன வீட்டில் வளரும் ஓர் இளம் மந்திரவாதியை நிம்மோ எழுதிவிட்டார் என்பதை நினைவிற்கொள்வது நியாயம். அமைப்பிலும் பெரிய வேறுபாடு உண்டு. ப்ளூர் அகாடமியில் மந்திரம் கற்பிக்கப்படுவதில்லை. பாடமாக அல்லாமல் கண்காணிக்கப்படும் பொருளாகவே அது அங்கே இருக்கிறது. ஆற்றல் உள்ள பிள்ளைகள் அனைவரும் மாலையில் ஒரே அறையில், சிவப்பு அரசனின் உருவப்படத்தின்கீழ் அமர்ந்து வீட்டுப்பாடம் எழுத வேண்டும். கண்ணால் பார்த்தே பிறரை வசியம் செய்யும் மேன்ஃப்ரெட் ப்ளூர் அவர்களுடன் உட்கார்ந்திருப்பான். வீடு தரும் பாதுகாப்பைப் பள்ளி தரும் என்ற பழகிய ஆறுதல் இங்கே இல்லை.

பள்ளியில் என் மனத்தில் நின்றவன் பில்லி ரேவன். விலங்குகளோடு பேசத் தெரிந்த, தாய் தந்தை இல்லாத சின்னஞ்சிறுவன். விடுமுறையிலும் போக வீடில்லாதவன். அந்தப் பள்ளியின் மேல்தளத்தில் சக்கர நாற்காலியில் உலவும் நூறு வயதுக் கிழவர் எஸெக்கியல் அவனை ஒற்றனாக்கிக்கொள்கிறார். கூலியாகக் காட்டப்படும் ஆசை, அவனுக்குப் பெற்றோரைத் தேடித் தருவது. நண்பர்களைக் காட்டிக்கொடுக்கும் பிள்ளையை வெறுக்க விடாமல், அவன் எதற்காகக் காட்டிக்கொடுக்கிறான் என்பதை ஆசிரியர் முன்வைக்கிறார். சார்லிக்குத் தந்தை இல்லை என்றாலும் தாயும் மேஸியும் பேட்டனும் உண்டு. பில்லிக்கு விலங்குகளின் பேச்சு ஒன்றுதான் துணை. ஒரே குறை இரு பிள்ளைகளை இரு திசையில் தள்ளுவதை இதைவிட அமைதியாக எழுதிவிட முடியாது.

இனிக் குறைகள். பாத்திரங்கள் மிகுதி. புயலை வரவழைக்கும் டேங்க்ரெட், மூதாதையரின் ஆவிகளை அழைக்கும் லைசாண்டர், அந்தி சாய்ந்தால் விலங்காகும் ஏஸா, ஆற்றல் ஏதுமின்றியே துணிச்சல் காட்டும் வயலின் கலைஞன் ஃபிடீலியோ என்று ஒவ்வொருவரும் சுவையானவர்களே ஆயினும், ஒரே நூலில் இத்தனை பேரும் வரிசையாக அறிமுகமாகும்போது பெயர்களை நினைவில் வைக்கவே இளம் வாசகர் திணறுவர். அப்பத்தாவின் சகோதரிகள் மூவரும் கருப்புடையோடும் கடுகடுப்போடும் வருகிறார்கள்; அதற்கு மேல் அவர்களுக்கு உள்ளம் இருப்பதாகத் தெரியவில்லை. அப்பத்தாவுக்குத் தன் ஒரே மகன் இல்லாமற்போனது வலிக்கிறதா இல்லையா என்பது இந்த நூலின் மிகக் கூர்மையான கேள்வியாக ஆகியிருக்கக்கூடியது. ஆசிரியர் அவளைக் கொடுமைக்காரக் கிழவியாக மட்டும் நிறுத்திவிட்டதால் அந்தக் கேள்வி எழும்பாமலே போகிறது. எனக்கு இது உண்மையான ஏமாற்றம்.

முடிவும் அவசரப்படுகிறது. வசியத்தால் தன் பெயரையே மறந்து வேறு குடும்பத்தில் வளர்ந்த சிறுமி, ஓர் இயந்திரப் பொம்மையின் மணியோசை கேட்டு விழித்தெழும் காட்சி அழகானது. ஆனால் அத்தனை ஆண்டுகள் வேறொரு பெயரில் வாழ்ந்தவள், அந்த வாழ்க்கையை விட்டு வருவதற்கு எவ்வளவு தடுமாறியிருப்பாள்? சில பக்கங்களிலேயே எல்லாம் சரியாகி, அவள் புத்தகக் கடையின் மாடியில் குடியேறிவிடுகிறாள். வளர்த்தவர்களைப் பற்றிய நினைவு ஒரு பத்தி அளவுக்குக்கூட அவளை அலைக்கழிப்பதில்லை. காணாமற்போதலை இத்தனை பொறுமையாக எழுதத் தெரிந்தவர் திரும்பி வருதலை இத்தனை வேகமாகக் கடந்துபோவது வியப்பாகவே இருக்கிறது.

நடை எளிமையானது. வாக்கியங்கள் குறுகியவை, உரையாடல் மிகுதி, ஆங்கிலத்தில் கதை படிக்கத் தொடங்கி ஓரிரு ஆண்டுகள் ஆன பிள்ளை அகராதி இல்லாமலே பெரும்பகுதியைக் கடந்துவிடும். முன்கதையை மட்டும் முதலில் படிக்க வேண்டாம் என்று சொல்வேன். புராணச் சாயல் கொண்ட அந்தச் சில பக்கங்கள், கதைக்குள் நுழையும் முன்பே பிள்ளையைச் சோர்வடையச் செய்யலாம். சார்லி பள்ளிக்குள் கால் வைத்தபின் திரும்பி வந்து படித்தால் அதே பக்கங்கள் ஒளிர்கின்றன. இடிந்த கோட்டைக்குள் இருட்டில் நடக்கும் விளையாட்டும், அங்கே உலவும் விலங்கும் எட்டு வயதினர் சிலரை அச்சுறுத்தக்கூடும். படுக்கைக்குப் போகும் நேரத்தில் உரக்கப் படித்துக் காட்டுபவர்கள் அந்த அத்தியாயத்தைப் பகலுக்கு ஒத்திவைப்பது நல்லது.

வாங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னும் ஒன்று உண்டு. தந்தை என்ன ஆனார் என்பதற்கு இந்த நூலில் முழு விடை இல்லை. 2003-இல் வந்த இரண்டாம் நூல், 1916-ஆம் ஆண்டிலிருந்து காலத்தைத் தாண்டி வந்து விழும் வேறொரு சிறுவனைப் பின்தொடர்கிறது. மூன்றாவதும் நான்காவதும் அவ்வாறே வேறு வேறு பிள்ளைகளின் சிக்கல்களை எடுத்துக்கொள்கின்றன. ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் மீட்கப்படுகிறார், அது சார்லியின் தந்தை அல்ல. 2006-இல் வெளிவந்த ஐந்தாம் நூலான ‘சார்லி போன் அண்ட் தி ஹிட்டன் கிங்’ வரை அந்தக் காத்திருப்பு நீள்கிறது. ஒரே நூலில் கதை முடிய வேண்டும் என்று கேட்கும் பிள்ளைக்கு இது பொருந்தாது. காத்திருக்கக்கூடிய பிள்ளையாக இருந்தால், முதல் நூலைக் கொடுக்கும்போதே ஐந்தாவதையும் வாங்கி, அலமாரியின் மேல்தட்டில், பின்னட்டை கண்ணில் படாதபடி வைத்துவிடுங்கள்.