கொசு உள்ளான் பார்க்க ஒரு ஸ்பாட்டிங் ஸ்கோப்

நாலு வருஷமாக 8x42 பைனாகுலரோடு ஏரிக்கரைகளில் அலைந்துவிட்டு, போன குளிர்காலத்துக்கு முன்னால்தான் ஒரு 20-60x80 ஸ்கோப் (ட்ரைபாடில் வைத்து ஒற்றைக் கண்ணால் பார்க்கும் தொலைநோக்கி, 20 முதல் 60 மடங்கு வரை பெரிதாக்கிக் காட்டும்) வாங்கினேன். 22,000 ரூபாய் ஆனது. இரண்டு பறவைகளுக்காகவே வாங்கினேன்: கொசு உள்ளான், டெம்மிங்க் கொசு உள்ளான். இரண்டும் சிட்டுக்குருவி அளவு, இரண்டும் வடதுருவப் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்துக்கு இங்கே வருபவை, பைனாகுலரில் இரண்டுமே சாம்பல் நிறப் புள்ளிகள்தான்.

கால் கறுப்பாக இருந்தால் கொசு உள்ளான், மஞ்சள் கலந்த பச்சையாக இருந்தால் டெம்மிங்க் என்பார்கள். சரிதான், ஆனால் சேற்றில் இறங்கி மேயும் பறவைக்கு எல்லாக் காலும் கறுப்புதான். ஸ்கோப்பை 30 மடங்கில் வைத்துப் பார்த்த முதல் காலையிலேயே நெஞ்சைப் பார்க்கப் பழகிக்கொண்டேன். டெம்மிங்கின் நெஞ்சு முழுக்கப் பழுப்புச் சாம்பல், ஏதோ துண்டு போர்த்திய மாதிரி. கொசு உள்ளானுக்கு ஓரங்களில் மட்டும் லேசான சாம்பல், நடுவில் பளிச்சென்று வெள்ளை. டெம்மிங்கின் வால், மடித்த இறக்கை நுனியைத் தாண்டிச் சற்று நீண்டிருப்பதுகூடத் தெரிந்தது, அன்றைக்கே போட்ட காசு வந்துவிட்டது என்று தோன்றியது.

நடையும் வேறு. கொசு உள்ளான் ஒரு இடத்தில் நிற்காது, ஓடி ஓடிக் கொத்தும். கோடியக்கரை உப்பளப் பாத்திகளில் அதைக் கூட்டமாகப் பார்க்கலாம். டெம்மிங்க் நன்னீர் ஏரி ஓரம், புல் முளைத்த சேற்றில், காலை மடக்கிப் பதுங்கிப் பதுங்கி எலி போல நகரும், பெரும்பாலும் ஒன்றிரண்டுதான் இருக்கும். விரட்டினால் 'டிர்ர்ர்' என்று கத்திக்கொண்டு செங்குத்தாக எழும்பும், அப்போது வால் ஓரத்து வெள்ளை தெரியும் (அதற்காக விரட்டாதீர்கள், தூரப் பயணம் வந்த பறவை).

குறைகளும் உண்டு. 40 மடங்குக்கு மேல் போனால் படம் மங்கிவிடுகிறது, 60 என்பது பெட்டியில் அச்சடிக்க மட்டும்தான். காலை ஒன்பது மணிக்கு மேல் சேற்றிலிருந்து கானல் கிளம்பிவிட்டால் எந்த ஸ்கோப்பும் உதவாது, ஆறரைக்கே போய்விடுங்கள். அப்புறம் கூடவே தரும் குட்டி ட்ரைபாட், உப்பளக் காற்றில் அது ஆடிய ஆட்டத்தில் ஒரு பறவையைக்கூட எண்ண முடியவில்லை. கனமான ட்ரைபாட் ஒன்றுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கிவிட்டு வாங்குங்கள்.